முட்டைக் கணக்கும் வலைக் கணக்கும்

செத்த ஆமையை இருட்டில் முதலில் கண்டுபிடிப்பது மூக்குதான். காற்று எதிரே இருந்து வந்தால் ஐம்பது அடி தள்ளியே தெரிந்துவிடும். முதுகுப் பக்கமிருந்து வந்தால் காலில் இடறும்வரை தெரியாது. போன பருவத்தில் ஒரு ராத்திரி எனக்கு இடறித்தான் தெரிந்தது. மணி மூன்று இருக்கும். ஆமை முட்டையிடக் கரைக்கு ஏறும் காலத்தில் டார்ச் அடித்துக்கொண்டு நடக்கக் கூடாது. நுரை வெளிச்சமே போதும், கண் பழகிவிடும். ஈர மணலில் கல் மாதிரி ஏதோ கட்டைவிரலில் தட்டியது. குனிந்து கை வைத்தேன். ஓடு.

பங்குனி ஆமை, ஆலிவ் ரிட்லி என்பார்களே அது. பெண். ஆண் என்றால் வால் ஓட்டைத் தாண்டி நீண்டிருக்கும். வெட்டு இல்லை, கயிறு இறுகிய தழும்பு இல்லை, படகின் விசிறி பட்ட அடையாளமும் இல்லை. நாய்கள் மட்டும் பின்பக்கத்தைக் கிளறியிருந்தன. அந்தக் கிழிசலுக்குள் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். தோடு கட்டி முடித்த முட்டைகள். இன்னும் ஓரிரு நாளில் தானாகவே இந்த மணலுக்கு ஏறி வந்து இட்டிருக்கும்.

இதே மணலில், அதற்கு முந்தைய வருடம், ஒரு சாயங்காலம் ஒரு கூடைக் குஞ்சுகளைக் கடலில் விட்டோம். நூறு பேராவது நின்றிருப்பார்கள். கைதட்டல், வீடியோ. ஒரு குழந்தை ஒவ்வொரு குஞ்சுக்கும் பெயர் வைத்துக்கொண்டே வந்தது. பதினேழாவது குஞ்சோடு பெயர்கள் தீர்ந்துவிட்டன. நானும் படம் எடுத்தேன். அது இன்னும் என் போன் முகப்பில் இருக்கிறது. செத்த ஆமையை எடுத்த படம் பதிவேட்டுக்காக மட்டும். இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் இருக்கும் கணக்கு சில வருடங்களாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது.

*

முதலில் உயிரோடிருக்கும் ஆமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இது வெறும் ஒப்பாரியாகிவிடும்.

பங்குனி ஆமை ஏறியிருக்கிறதா என்று மணலைப் பார்த்தே சொல்லலாம். இடது துடுப்பும் வலது துடுப்பும் மாறி மாறிப் பதிந்திருக்கும். பேராமையும் ஏழுவரி ஆமையும் இரண்டு துடுப்பையும் ஒரே நேரத்தில் ஊன்றி உந்துவதால் அவற்றின் தடம் டிராக்டர் போன மாதிரி இரு பக்கமும் ஒரே சீராக இருக்கும். அலை எட்டாத உயரத்துக்கு வந்ததும் முன்துடுப்பால் மேல்மணலைத் தள்ளி, உடம்பு படிகிற அளவுக்கு ஒரு பள்ளம் செய்துகொள்ளும். அதற்குப் பிறகுதான் வித்தை. பின்துடுப்பை உள்ளங்கைபோல் குவித்து ஒரு பிடி மணலை அள்ளி, சிந்தாமல் மேலே கொண்டுவந்து, ஓரமாக வைக்கும். உடனே மற்றத் துடுப்பு தன் பக்கத்து மணலைச் சுண்டி விட்டுவிட்டு உள்ளே இறங்கும். கண் போகாத இடத்தில், வெறும் தொடுகையாலேயே, அடி அகன்று வாய் குறுகிய ஒரு குடுவை உருவாகும். ஆழம் ஏறக்குறைய ஒன்றரை அடி. துடுப்பு எட்டும் மட்டும்தான் தோண்டும். எட்டாதபோதும் இரண்டு தடவை காற்றில் அள்ளிப் பார்க்கும்.

பிறகு இரண்டிரண்டாக, மும்மூன்றாக முட்டை விழும். மேசைப் பந்து அளவு, ஆனால் கோழி முட்டைபோல் கடினமல்ல. விரலால் அழுத்தினால் தோல்போல் அமுங்கும். நூறு, நூற்றிருபது. அந்த நேரத்தில் ஆமை ஏதோ மயக்கத்தில் இருப்பதுபோல் அசையாது, அளவு எடுக்கிறவர்கள் அப்போதுதான் பின்பக்கமாகப் போய் எடுப்பார்கள். கண்ணில் நீர் வழியும். அழுகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடல்நீரோடு உள்ளே போன உப்பை வெளியேற்றும் சுரப்பி கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் பார்க்கிறவர் மனசு கேட்காது.

மூடிய பிறகு பங்குனி ஆமை செய்வதுதான் எனக்கு மிகப் பிடித்தது. உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, ஓட்டின் விளிம்பால் மணலைத் திமிசுக்கட்டைபோல் இடிக்கும். தொம், தொம் என்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த அதிர்வு தொடையில் தெரியும். பங்குனி ஆமையும் அதன் நெருங்கிய உறவான கெம்ப் ஆமையும்தான் இப்படி ஆடும் என்பார்கள். முடித்ததும் மணலை நாலாபக்கமும் வீசி இடத்தைக் குழப்பிவிட்டு இறங்கிப் போய்விடும். தன் குஞ்சு ஒன்றைக்கூட அது பார்க்கப்போவதில்லை.

*

பார்க்கிற வேலை நமக்கு வந்துவிட்டது. நாய், நரி, பன்றி, முட்டைக்காகத் தோண்டும் மனிதர், ஏறிவரும் கடல் என்று எல்லாவற்றுக்கும் பயந்து முட்டைகளை வேலி போட்ட இடத்துக்கு மாற்றிப் புதைக்கிறோம். குஞ்சு பொரிப்பகம் என்பது அதுதான். நல்ல நோக்கம்தான், ஆனால் அதில் எத்தனை தவறு செய்யலாம் என்பதை நான் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

முதல் வருடம், முட்டைப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டே கதை பேசியபடி நடந்து வந்தேன். கூட வந்த பெரியவர், நாற்பது வருடம் கடலுக்குப் போனவர், சட்டென்று நின்றார்.

"தம்பி, கையில இருக்கிறது பந்து இல்ல. ஆட்டாம வா."

"பஞ்சு மாதிரிதானே இருக்குண்ணே, உடையாது."

"உடையாது. செத்துப் போயிரும்."

அவர் சொன்னதன் காரணம் பிறகுதான் புரிந்தது. இட்ட சில மணி நேரத்தில் கரு முட்டையின் மேல்பக்கத்துச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினாலோ குலுக்கினாலோ அந்த ஒட்டு அறுந்துபோகும். வெளியே ஒரு விரிசல்கூட இருக்காது, உள்ளே உயிர் போயிருக்கும். அதனால்தான் மாற்றுவதென்றால் ஆறு மணி நேரத்துக்குள் மாற்று, இல்லையென்றால் கைவைக்காதே என்பது விதி. நான் ஆட்டிக்கொண்டு வந்த குழியில் பாதிக்கு மேல் பொரியவில்லை. என் கைதான் காரணமா என்று எந்த முட்டையும் சாட்சி சொல்லாது. ஆனாலும் எனக்குத் தெரியும்.

இன்னொரு தவறு கூட்டாகச் செய்தது. குஞ்சுகள் மணல் குளிர்கிற இரவில்தான் மேலே வரும், அதுவும் ஒன்றையொன்று உந்திக்கொண்டு மொத்தமாக. அப்போது அவற்றின் உடம்பில் கொஞ்சம் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். அதை எரித்துத்தான் முதல் நாள் முழுவதும் நிற்காமல் துடுப்பு போட்டு, கரையோரத்து மீன்களின் வாயைத் தாண்டி ஆழத்துக்குப் போகும். நாங்கள் என்ன செய்தோம்? விடியற்காலையில் வந்த குஞ்சுகளைக் கூட்டம் வருகிற சாயங்காலம்வரை கூடையில் வைத்திருந்தோம். கூடைக்குள் பன்னிரண்டு மணி நேரம் நீச்சலடித்துக் களைத்துப்போன குஞ்சுகளைத்தான் அந்த நூறு பேரும் கைதட்டி அனுப்பினார்கள். என் போன் முகப்பில் இருப்பது அந்தக் குஞ்சுதான்.

மணலின் சூடும் ஒரு சிக்கல். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது அடைகாலத்தின் நடுப்பகுதியில் மணல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது. 29 டிகிரி செல்சியசை ஒட்டி இரண்டும் கலந்து வரும். அதற்கு மேலே போகப் போகப் பெண், கீழே போகப் போக ஆண். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடக்கே பிறந்த பேராமைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள்: இளம் ஆமைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் பெண். வேலி போட்ட பொரிப்பகத்தில் நிழலே இல்லாமல் நூறு குழிகளை நெருக்கி வைத்தால் நாமும் அதைத்தான் செய்கிறோம். முட்டை தானாக இட்ட இடத்திலேயே கிடக்க முடிகிற கரைதான் நல்ல பொரிப்பகம். மற்றதெல்லாம் வேறு வழியில்லாதபோது செய்வது.

*

இப்போது அந்தக் கணக்கு.

1987-இல் டெபோரா கிரவுஸ், லாரி கிரவுடர், ஹால் காஸ்வெல் என்ற மூவர் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் பெருந்தலை ஆமைகளின் வாழ்க்கையைப் பருவம் பருவமாகப் பிரித்து ஒரு கணித மாதிரி போட்டார்கள். முட்டை, குஞ்சு, சிறிய இளம் ஆமை, பெரிய இளம் ஆமை, முட்டையிடும் ஆமை என்று. எந்தப் பருவத்தில் சாவைக் குறைத்தால் கூட்டம் பெருகும் என்பது கேள்வி. அதுவரை உலகம் முழுவதும் பணமும் உழைப்பும் போய்க்கொண்டிருந்தது முட்டையைக் காப்பதற்கு. அவர்கள் கண்டது: போட்ட முட்டையில் ஒன்றுகூட வீணாகாமல் எல்லாம் பிழைத்தாலும், அதை மட்டும் வைத்துச் சரிவை நிறுத்த முடியாது. பெரிய இளம் ஆமைகளும் முட்டையிடும் வயதை எட்டியவையும் சாகாமல் இருந்தால்தான் கூட்டம் நிமிரும்.

யோசித்துப் பார்த்தால் இதற்குக் கணிதமே வேண்டாம். ஆயிரம் குஞ்சில் ஒன்று பெரிதாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த ஒன்று பத்துப் பதினைந்து வருடம் சுறாவையும் புயலையும் பசியையும் கடந்து வந்தது. பேராமையாக இருந்தால் இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் ஆகும். நான் காலில் இடறிய அந்த ஆமைக்கு ஈடுகட்ட நாங்கள் எத்தனை கூடை குஞ்சு விட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பருவம் முழுக்க ராத்தூக்கம் கெட்டாலும் அந்த ஒரு ஆமைக்கே கட்டாது.

ஆமைக்கு நுரையீரல். மீனோடு வாழ்ந்தாலும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவை மடிக்குள், அதாவது படகு இழுத்துப்போகும் பை வலைக்குள், போன ஆமை, மடி தண்ணீருக்குள் இருக்கும்வரை உள்ளேதான். தூங்கும்போது மணிக்கணக்கில் மூச்சடக்கும் அதே ஆமை, மிரண்டு போராடும்போது சீக்கிரமே மூச்சிழந்துவிடும். இழுப்பு நீள நீளச் சாவு கூடும். 1990-இல் அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு, அந்நாட்டுக் கடலில் மனிதரால் ஆமைகளுக்கு நேரும் மற்றச் சாவுகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் இறால் இழுவை வலையின் கணக்கைத் தொடாது என்று எழுதியது.

இதற்கு மருந்து இருக்கிறது, அதைக் கண்டுபிடித்ததில் ஒரு மீன்பிடிப்பவருக்கும் பங்குண்டு. ஜார்ஜியாவைச் சேர்ந்த சின்கி பூன் என்ற இறால்காரருக்கு ஆமை பற்றிக் கவலை இல்லை. அவருக்குத் தொல்லை கொடுத்தது சொறிமீன். மடி நிறையச் சொறி வந்தால் இறால் நசுங்கும். 1960-களின் கடைசியில் மடிக்கு முன்னால் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தை வைத்து, பெரியதெல்லாம் வழுக்கி வெளியே போக ஒரு வாய் விட்டார். இறால் கம்பி இடுக்கில் நுழைந்து மடிக்குப் போகும். பின்னாளில் ஆமை விலக்குக் கருவிகளில் ஒன்றாக அதுவே ஆனது. கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலம். மேலேயோ கீழேயோ ஒரு திறப்பு, அந்தத் திறப்பை மூட ஒரு மடல். 97 சதவீத ஆமைகளாவது வெளியேற வேண்டும் என்பது அங்கீகாரத்துக்கான அளவுகோல்.

அமெரிக்கா 1987-இல் இதைக் கட்டாயமாக்கியது. 1989-இல் மற்ற நாட்டு இறாலுக்கும் அதே நிபந்தனை போட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குப் போட்டன. 1998 தீர்ப்பு சுவாரசியமானது: ஆமையைக் காப்பது நியாயமான நோக்கம்தான், ஆனால் சில நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும் உதவியும் கொடுத்துவிட்டு இவர்களுக்குக் கொடுக்காதது பாரபட்சம் என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு சரி என்றே படுகிறது. ஆமை எல்லாருக்கும் பொதுச் சொத்து, ஆனால் கம்பிச் சட்டத்தை வலையில் கட்ட வேண்டியவன் ஒருவன் மட்டும். குப்பை வந்து சட்டத்தை அடைத்தால் அன்றைய இறாலில் ஒரு பங்கு அந்தத் திறப்பு வழியாகக் கொட்டிப்போகும். அந்த நஷ்டத்தை யார் தருவது என்று பேசாமல் விதியை மட்டும் போட்டால், கடலுக்குள் போனதும் திறப்பைக் கயிறால் கட்டிவிடுவார்கள். எந்த அதிகாரி நடுக்கடலில் நின்று பார்க்கப்போகிறார்?

பெரியவரிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். "ஆமை மாட்டினா எங்களுக்கும்தான் நஷ்டம்" என்றார். "முப்பது நாப்பது கிலோ கனம். இறாலையும் நசுக்கும், வலையையும் கிழிக்கும். வேணும்னு யாரு பிடிப்பா?"

*

சரி, ஆமை இல்லாமல் போனால்தான் என்ன? கேட்பவர்கள் உண்டு. "சூழலியல் சேவையின் மதிப்பு" என்று டாலரில் ஒரு தொகை சொல்லும் பழக்கம் வந்திருக்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை. வேலையைச் சொல்லலாம், கூலியை யார் நிர்ணயிப்பது?

அழுங்காமை பவளத்திட்டில் கடற்பஞ்சைத் தின்னும். கடற்பஞ்சுக்குள் கண்ணாடித் துகள் மாதிரி சிலிக்கா முட்கள், அதையும் சேர்த்துத்தான். பவளத்தோடு இடத்துக்குப் போட்டி போடும் கடற்பஞ்சு அதனால் அடங்கியிருக்கும். அதன் ஓட்டுக்காகவே உலகம் அதை வேட்டையாடியது. சீப்பும் கண்ணாடிச் சட்டமும் செய்த ஜப்பான் 1992 முடிவில்தான் இறக்குமதியை நிறுத்தியது. ஏழுவரி ஆமைக்குச் சொறிமீன்தான் சாப்பாடு. வழுக்கிப் போகாமலிருக்கத் தொண்டை முழுக்க உள்நோக்கிய முட்கள். விழுங்கியது பிளாஸ்டிக் பை என்றாலும் அந்த முட்கள் வெளியே விடாது. கரைக்கும் பங்குண்டு. ஃபுளோரிடாவில் பெருந்தலை ஆமைக் குழிகளை ஆராய்ந்தபோது, குழிக்குள் வந்த சத்தில் ஏறக்குறைய கால்பங்குதான் குஞ்சாகக் கடலுக்குத் திரும்பியது. மீதி மணலுக்கும் மணல்மேட்டுச் செடிக்கும் அவற்றை அண்டி வாழ்பவற்றுக்கும். சத்தே இல்லாத மணலுக்குக் கடலிலிருந்து எரு சுமந்து வருகிறது ஆமை.

பேராமை கடற்புல்லை மேயும். மேய்ச்சலில் புல் இளந்தளிராகவே இருக்கும் என்பது பாடப்புத்தகக் கதை. முழுக்கதை லட்சத்தீவின் அகத்தித் தீவில் நடந்தது. அங்கே காயலில் பேராமைகள் அடர்ந்து பெருகி, புல்வெளியை அடிவரை மேய்ந்து தீர்த்தன. மீன் குறைந்துவிட்டது, ஆமைதான் காரணம் என்று மீனவர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் பிழை இல்லை. ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியில் மேய்பவை ஒரே இடத்தில் நிலைகொள்ளாமல் பார்த்துக்கொள்பவை வேங்கைச் சுறாக்கள். சுறாவைத் துடுப்புக்காக அள்ளிவிட்டு ஆமையை மட்டும் காப்பாற்றினால் புல்வெளி என்னாகும்? கடற்புல் கடலடியில் 0.2 சதவீதத்துக்கும் குறைவான இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் கடலில் வருடந்தோறும் புதையும் கார்பனில் பத்தில் ஒரு பங்கு அதன் வேர்மண்ணில் என்று மதிப்பிடுகிறார்கள். "ஆமைப் பாதுகாப்பு" என்று தனியாக ஒன்று இருக்க முடியாது என்று எனக்கு உறைத்தது அகத்தியைப் பற்றிப் படித்த அன்றுதான்.

ஒடிசாவிலும் இதே பாடம், வேறு விதத்தில். கஹிர்மாதாவில் ஆமைகள் லட்சக்கணக்கில் ஏறும் மணலை ஒட்டியே பிதர்கணிகாவின் அலையாத்திக் காடு. 1999 அக்டோபர் சூறாவளியில், அதே கேந்திரபாரா மாவட்டத்தில், தமக்கும் கடலுக்கும் இடையே அகன்ற அலையாத்திக் காடு இருந்த ஊர்களில் சாவு குறைவாக இருந்தது என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. 1997-இல் அங்கே கடல்சார் சரணாலயம் வந்தது. அந்தக் கரையோரத்தில் நவம்பர் முதல் மே வரை மீன்பிடித் தடையும் உண்டு. 2025 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் ருஷிகுல்யா முகத்துவாரத்தில் ஏழு லட்சத்தை ஒட்டி ஆமைகள் ஏறின. அந்த மாதம்தான் என் நண்பர் ஒருவர், "உங்க ஆமை எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று செய்தி அனுப்பினார்.

நல்லாத்தான் இருக்கிறது, சில இடங்களில். மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோ கரையில் 1947-இல் ஒருவர் எடுத்த படச்சுருளில் ஒரே நாளில் ஏறிய கெம்ப் ஆமைகள் 40,000 என்று மதிப்பிட்டார்கள். 1985-இல் வருடம் முழுக்க எண்ணியும் 702 குழிகள்தான். கரையில் காவலும் கடலில் கம்பிச் சட்டமும் சேர்ந்த பிறகு 2009-இல் ஏறக்குறைய 20,000 குழிகள். மறுவருடமே மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தது, ஏறுமுகம் தடுமாறியது. பேராமையை 2025 அக்டோபரில் ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அருகிவரும் பட்டியலிலிருந்து எடுத்துக் கவலை குறைந்த பட்டியலில் வைத்தது. அரை நூற்றாண்டு உழைப்பு அது. அழுங்காமையும் கெம்ப் ஆமையும் இன்னும் அழிவின் விளிம்பில்தான்.

*

அன்றைய ராத்திரிக்கு வருகிறேன். பையிலிருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்து ஓட்டில் ஒரு கோடு இழுத்தேன். நாளைக்கு நடப்பவர் இதே ஆமையை மறுபடி எண்ணிவிடக் கூடாது. நோட்டில் எழுதினேன்: 3.10 மணி. ஓட்டு நீளம் 66 செ.மீ. பெண். வெளிக்காயம் இல்லை. வயிற்றில் முட்டை. கடைசியில் "காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கும். வழக்கமாக அதில் ஒரு சின்னக் கோடு போட்டுவிடுவோம், அறுத்துப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்பதால். அன்று "வலை?" என்று எழுதினேன். கேள்விக்குறியை அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்தேன். அடிக்கவில்லை.

அரைக் கிலோமீட்டர் நடந்திருப்போம். பின்னால் வந்த பெரியவர் தோளைத் தொட்டார். மணலில் தடம், இடது வலது மாறி மாறி, ஈரத்திலிருந்து மேடு நோக்கி. ஏறியது மட்டும்தான் இருந்தது. இறங்கிய தடம் இல்லை.

"மேலதான் இருக்கு," என்றார். "உட்காரு. பேசாத."